முதுகில் நெட்டி எடுத்தால் பேச்சு வருமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு 18 ஆண்டுகளாக ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாடச் செயல்களைத் தானே செய்யப் பழக்குபவராக, வேலை செய்கிறேன். சென்ற மாதம் எங்கள் மையத்தில் புதிதாகச் சேர்ந்த தெரபிஸ்டிடம் ஒரு தாய், "பையன் பேசுவதற்குக் கைரோபிராக்டிக் செய்து பார்க்கலாமா மேடம்?" என்று கேட்டார். முதுகெலும்பைக் கையால் அழுத்தி, திருப்பிச் சரிசெய்வதாகச் சொல்லும் சிகிச்சை அது. "செய்து பாருங்கள் அம்மா, நஷ்டம் ஒன்றும் இல்லையே" என்றாள் அந்தப் பெண். இதே சொற்களை, இதே கனிவோடு, நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அது என்ன நஷ்டத்தில் முடிந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வலிப்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது, முறையாகப் படிக்காதவரிடம் போகக் கூடாது என்பவை எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காரணத்தை முதுகில் தேடுவது

கைக்குழந்தை ஓயாமல் அழுதால் 'உரம் விழுந்திருக்கிறது' என்று சேலையில் போட்டு உருட்டி எடுப்பது நம் வீடுகளில் உண்டு. அதைப் பார்த்து வளர்ந்த பாட்டிக்கு, முதுகெலும்பைச் சரிசெய்தால் பேரன் பேசுவான் என்ற பேச்சு சட்டென்று பிடித்துப்போகும். 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் கைரோபிராக்டிக் தொடங்கியதும் இப்படி ஒரு கதையோடுதான். முதுகில் ஓர் எலும்பை அழுத்தி ஒருவரின் காது கேளாமையைப் போக்கியதாக அதைத் தொடங்கிய டேனியல் பாமர் சொன்னார். செவி நரம்போ முதுகெலும்புப் பக்கம் வருவதே இல்லை. ஆட்டிசமும் மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு; எந்த முள்ளெலும்பும் விலகியதால் வந்ததல்ல. 'சொடக்' என்று கேட்கும் அந்த ஒலி, மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாவதால் வருவது. விரலில் நெட்டி முறித்தாலும் அதேதான்.

எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்குவது

இன்றுவரை என்னை எரிச்சலூட்டும் தவறு இது.

நான்கு வயதுப் பையன். ஜூனில் புதுப் பள்ளி, வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி, வேண்டியதைக் கேட்கப் பட அட்டைகள். அதே ஜூனில், என் சம்மதத்தோடு, முதுகுச் சிகிச்சையும் ஆரம்பமானது. ஆகஸ்டில் ஒருநாள் தண்ணீர் டம்ளர் படத்தைத் தானே எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தான். முதுகுச் சிகிச்சை பலித்துவிட்டது என்றது குடும்பம். நானும் தலையாட்டினேன். இல்லை என்று சொல்ல என்னிடம் ஒரு வரிக் குறிப்புகூட இல்லை.

பணம் கட்டுப்படியாகாமல் ஒன்றை நிறுத்த வேண்டிவந்தபோது, நின்றது பேச்சுப் பயிற்சி. பொங்கலுக்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். குழாயடியில் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தான். பட அட்டைகள் வைத்த பெட்டி அலமாரியின் உச்சியில் இருந்தது. இறக்கித் திறந்தால், வெல்க்ரோவில் தூசியும் தலைமுடியும் ஒட்டிக் கிடந்தன. போன ஆறு மாதத்தை அவனுக்கு யார் திருப்பித் தருவது?

எந்தச் சிகிச்சையும் இல்லாமலே குழந்தை வளர்கிறது, சிலவற்றைக் கற்றுக்கொள்கிறது. பெற்றோர் புதிய சிகிச்சையைத் தேடி ஓடுவதோ, அவன் மிகவும் படுத்திய வாரத்தில். அந்த வாரம் எப்படியும் கடந்துவிடும். பெயர் மட்டும் புதிய சிகிச்சைக்குப் போகும்.

ஆகவே ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம், ஒரு சாதாரண நோட்டில் மூன்றே விஷயங்களை எழுதுங்கள்: தானாக எத்தனை முறை கேட்டான், எத்தனை மணி நேரம் தூங்கினான், எத்தனை முறை கட்டுக்கடங்காமல் அழுதான். பிறகு எட்டு வாரம் அதே மூன்றையும் எழுதிவந்து ஒப்பிடுங்கள். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தெரபிஸ்டுகளுக்கு ஒன்று: பெற்றோர் "போகலாமா?" என்றால், "இதற்காக எதை நிறுத்தப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2019இல் இதை ஆராய்ந்த குழு, 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆட்டிசத்துக்காக முதுகெலும்புச் சிகிச்சை தர வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

அமுக்கிப் பிடிப்பது

முதுகுச் சிகிச்சையில் கிடைக்கும் இதமான அழுத்தம் சில குழந்தைகளுக்குப் பிடிக்கும்; அன்றிரவு நன்றாகத் தூங்கவும் கூடும். போர்வையில் இறுகச் சுற்றினாலும் அந்த இதம் கிடைக்கிறது. ஆனால் காதைப் பொத்திக்கொண்டு திமிறுகிறவனை அடம் என்று நினைத்துப் பிடித்துப் படுக்க வைக்காதீர்கள். வலிக்கிறது என்று சொல்ல அவனிடம் வார்த்தை இல்லை.

காது

பேச்சு தாமதமா? முதலில் செவித்திறன் சோதனை.

எக்ஸ்ரே

ஆட்டிசத்துக்காக முதுகெலும்பை எக்ஸ்ரே எடுக்க வேண்டாம்.

முன்பணம்

இருபது அமர்வுக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள்.

கழுத்து

ஆட்டிசத்தோடு டவுன் சிண்ட்ரோமும் உள்ள குழந்தையின் கழுத்தில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். மேலே உள்ள இரண்டு முள்ளெலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கலாம். திருகினால் தண்டுவடம் நசுங்கக்கூடும்.