ஜோங்காவை என் பெயருக்கு மாற்றியது எப்படி

கொழிஞ்சாம்பாறையில் ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில் நின்ற ஜோங்காவை வாங்கியபோது, சாவியும் ஆர்.சி.யும் கைக்கு வந்ததே போதும் என்று இருந்துவிட்டேன். ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்த ஜீப் மாதிரி வண்டி அது. மூன்றே மாதத்தில் விற்றவரின் தம்பி, “அது எங்க அப்பா ஏலத்துல எடுத்ததுங்க, எனக்கும் பாத்தியதை இருக்கு” என்று வழக்குப் போட்டுவிட்டார்.

அவர் பக்கம் நியாயம் இருந்தது. ராணுவம் கழித்த வண்டிக்கு மூல ஆதாரம் படிவம் 21, அதாவது விற்பனைச் சான்றிதழ். அதைத் தேடி எடுத்துப் பார்த்தால் இறந்துபோன அப்பாவின் பெயர். ஆர்.சி.யும் அவர் பெயரிலேயே நின்றது. அப்புறம் வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பர். பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் உரசினேன். ஒவ்வொரு எழுத்தாகச் சான்றிதழோடு ஒத்துப்போனபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்று வாங்கினார்கள். அவர்களுடைய அம்மா, எனக்கு விற்ற அண்ணன், தம்பி மூவரும் லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், ராஜியானார்கள். அண்ணனுக்கு நான் தர வேண்டிய பாக்கியில் தம்பி பங்கைக் கழித்துக் கொடுத்தேன். படிவம் 31-இல் வண்டி முதலில் வாரிசு பெயருக்கு, பிறகு 29, 30-இல் என் பெயருக்கு.

கடைசியாக நிறம். மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி ஆலிவ் பச்சை ராணுவ வண்டிக்கு மட்டும்தான். மனசே இல்லை, ஆனாலும் மணல் நிறம் அடித்துவிட்டேன்.