லிங்க் பாதையை ஏன் கையால் எழுதக் கூடாது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு டெலிவரி சலான் (டிசி, சரக்கோடு போகும் சீட்டு) போடுகிற ஆப் எழுதிக் கொடுத்தேன். துணி நிட்டிங்கிலிருந்து டையிங், காம்பாக்டிங் என்று எங்கே போனாலும் டிசி இதில்தான் போடணும். என் லேப்டாப்பில் எல்லாம் சரியாக ஓடியது. அவங்க சர்வரில் ஏற்கெனவே கணக்கு ஆப் ஒன்று இருந்ததால் என்னுடையதை /டிசி என்ற பாதைக்குக் கீழே வைத்தோம். மறுநாள் காலையில் குடோனிலிருந்து போன்: "ஏனுங்க, சேவ் கொடுத்தா கணக்கு லாகின் பக்கம் வருதுங்க." வாசலில் லோடு வண்டி நிற்கிறது, டிசி இல்லாமல் வெளியே போக முடியாது.

பக்கங்களை உருவாக்கும் டெம்ப்ளேட் முழுக்க "/சலான்/புதுசு" என்று கையால் எழுதி வைத்ததுதான் காரணம். முன்னால் ஸ்லாஷ் இருந்தால் பிரவுசர் டொமைனை ஒட்டியே பாதையைத் தொடங்கும், நம் ஆப் /டிசிக்குக் கீழே இருப்பது அதற்குத் தெரியாது.

அப்போ முன் ஸ்லாஷை எடுத்துவிடலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும். அதைச் செய்யாதீங்க. "அடுத்த ஸ்டாப்பில் இறங்குங்க" என்று போனில் சொன்னால், பஸ் அவிநாசி வழியா போகுதா பல்லடம் வழியா போகுதா, இப்போ எங்கே நிற்குது என்பதைப் பொறுத்து இறங்குகிற இடம் மாறிப்போகும் இல்லையா, அதே கதைதான். /சலான்/12 என்ற பக்கத்தில் "எடிட்" என்று மட்டும் லிங்க் கொடுத்தால் பிரவுசர் கடைசி ஸ்லாஷுக்குப் பின்னால் இருக்கும் 12ஐ எடுத்துவிட்டு /சலான்/எடிட் என்று போகும். அதே பக்கம் /சலான்/12/ என்று முடிந்தால் /சலான்/12/எடிட் சரியாக வரும். 2005இல் வந்த ஆர்எஃப்சி 3986 என்ற இணைய முகவரிகளுக்கான தர ஆவணம் வகுத்த விதி இது, பிரவுசரைக் குறை சொல்ல முடியாது.

ரூட்டுக்கு, அதாவது எந்தப் பாதைக்கு எந்தப் பக்கம் என்று ஆப்பில் சொல்லும் விதிக்கு, பெயர் வைத்து, லிங்க்கை ஃப்ரேம்வொர்க்கையே (ஆப் கட்ட உதவும் அடித்தளக் கோடு) உருவாக்கச் சொல்லுங்க. ஜாங்கோவில் யூஆர்எல் டேக், ஃப்ளாஸ்கில் யூஆர்எல் ஃபார், லாராவெல்லில் ரூட் ஃபங்ஷன், ரெயில்ஸில் பாத் ஹெல்பர். ஆனால் ஆப்புக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் ப்ராக்ஸி /டிசியை வெட்டிவிட்டு, அதை ஆப்புக்குச் சொல்லாமல் விட்டால் இவையும் தப்பான லிங்க்கைத்தான் தரும். ஜாங்கோவில் இதற்கென்றே ஃபோர்ஸ் ஸ்கிரிப்ட் நேம் என்ற செட்டிங் இருக்கிறது. நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் பேஸ் பாத்.

ஜாவாஸ்கிரிப்டில் பாதையைக் கூட்டல் போட்டு ஒட்டுவது இன்னொரு வலி. அடிப்பாதை வெறும் "/" ஆக இருந்து, அதோடு "/சலான்" ஒட்டினால் "//சலான்" ஆகிவிடும். பிரவுசர் சலான் என்பதை ஒரு டொமைன் பெயராக எடுத்துக்கொண்டு அந்த சர்வரைத் தேடிப் போகும்.

சிஎஸ்எஸ்ஸுக்குள் எழுதும் படப் பாதை பக்கத்தை வைத்து இல்லை, அந்த சிஎஸ்எஸ் ஃபைல் இருக்கும் இடத்தை வைத்துக் கணக்காகும். லிங்க்குகளுக்கு அடிப்பாதை இதுதான் என்று பக்கத்தில் சொல்லும் பேஸ் டேக் போட்டுச் சமாளிக்கலாம் என்றால், வெறும் ஹேஷ் (#) போட்ட லிங்க்குகளும் அந்த பேஸுக்கே ஓடிவிடும், அதையும் பார்த்துக்கோங்க.

மெயிலில் போகும் லிங்க்குக்கு மட்டும் டொமைனோடு முழு முகவரி வேணும், ஏன்னா இன்பாக்ஸில் ஒட்டிக்கொள்ள நம் பக்கம் எதுவும் இல்லை.

இப்போதெல்லாம் லேப்டாப்பிலேயே ஆப்பை ஒரு துணைப் பாதைக்குக் கீழே ஓட்டி, ஒவ்வொரு பட்டனையும் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கம்பெனிக்குக் கொடுக்கிறேன்.