நெட்வொர்க்கிங் பாடத்தில் மதிப்பெண் எங்கே போகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம், கீழக்கரை, பரமக்குடி பக்கம் பொறியியலோ கணினி அறிவியலோ படிப்பவர்களில் பலர் 'கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ்' பேப்பரை எளிது என்றுதான் நினைக்கிறார்கள். ஓஎஸ்ஐ மாடலின் ஏழு லேயரின் பெயரை வரிசையாக எழுதி, பெட்டி பெட்டியாகப் படம் போட்டால் 13 மார்க் கேள்வியில் பாதிக்கு மேல் கிடைத்துவிடும். கணக்கு வரும்போதுதான் பேனா நிற்கும். டிலே (தாமதம்) என்றால் என்ன என்று தெரியும். அது எத்தனை மில்லிசெகண்ட் என்று கேட்டால் தெரியாது. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இதுதான்.

முதலில் பிட், பைட் குழப்பம். ஃபைலின் அளவு பைட்டில் சொல்லப்படும், இணைப்பின் வேகம் பிட்டில் சொல்லப்படும். 50 மெகாபைட் ஃபைலை 20 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 20 மெகாபிட்) இணைப்பில் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும் என்றால் 50ஐ 20ஆல் வகுத்து 2.5 விநாடி என்று எழுதிவிடுகிறார்கள். 8ஆல் பெருக்கினால் 400 மெகாபிட், அதாவது 20 விநாடி. கணக்கின் முதல் வரியிலேயே எல்லாவற்றையும் பிட்டுக்கு மாற்றிவிட்டால் இந்தப் பேச்சே வராது.

இரண்டு டிலேயும் ஒன்றல்ல

மிக அதிகம் பேர் விழும் பள்ளம் இது. ட்ரான்ஸ்மிஷன் டிலே என்பது பாக்கெட்டின் (டேட்டாவை வெட்டி அனுப்பும் துண்டின்) எல்லா பிட்டையும் வயருக்குள் தள்ளி முடிக்க ஆகும் நேரம். ப்ராபகேஷன் டிலே என்பது ஒரு பிட் அந்த முனைக்குப் போய்ச் சேர ஆகும் நேரம். முதலாவது இணைப்பின் வேகத்தைப் பொறுத்தது, இரண்டாவது தூரத்தைப் பொறுத்தது.

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஃபைபர் நீளம் 55 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஃபைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். ஆக ப்ராபகேஷன் டிலே 275 மைக்ரோசெகண்ட். 1500 பைட் பாக்கெட் என்பது 12,000 பிட். 1 எம்பிபிஎஸ் இணைப்பில் அதைத் தள்ள 12 மில்லிசெகண்ட் ஆகும். 100 எம்பிபிஎஸ்ஸில் 120 மைக்ரோசெகண்ட். 1 ஜிபிபிஎஸ்ஸில் வெறும் 12. எவ்வளவு பணம் கட்டி பிளானை மாற்றினாலும் அந்த 275 மட்டும் அசையாது. 'ஸ்பீடு கூட்டினால் பிங் (போய்வரும் நேரம்) குறையும்' என்று விடையில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

இதையே கடலுக்குள் கொண்டுபோனால் இன்னும் தெளியும். ஆழ்கடலில் நிற்கும் படகுக்கு ஜியோஸ்டேஷனரி சாட்டிலைட் (பூமியிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்கும் செயற்கைக்கோள்) வழியாக 10 எம்பிபிஎஸ் இணைப்பு இருப்பதாகக் கொள்வோம். சாட்டிலைட் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. மேலே போய்க் கீழே வர ஏறத்தாழ 240 மில்லிசெகண்ட். பதிலும் திரும்பி வர அதைப்போல இரு மடங்கு. சாய்வுத் தூரத்தையும் கருவிகள் எடுக்கும் நேரத்தையும் சேர்த்து 500 என்று வைக்கலாம். ஒரு பாக்கெட்டுக்குப் பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும் ஸ்டாப் அண்ட் வெயிட் முறையில் ஒரு பாக்கெட்டைத் தள்ள 1.2 மில்லிசெகண்ட், பிறகு பதிலுக்கு 500 மில்லிசெகண்ட் காத்திருப்பு. இணைப்பின் பயன்பாடு 0.24 சதவீதம்! ஸ்லைடிங் விண்டோ (பதிலுக்குக் காத்திராமல் பல பாக்கெட்டை அனுப்பும் முறை) எதற்கு என்ற 2 மார்க் கேள்விக்கு இந்த ஒரு எண் போதும், அரைப் பக்கம் எழுத வேண்டியதில்லை.

இன்னொரு படி. 10 எம்பிபிஎஸ்ஸை 0.5 விநாடியால் பெருக்கினால் 5 மெகாபிட், அதாவது 625 கிலோபைட். குழாய் நிரம்பியிருக்க வேண்டுமானால் அவ்வளவு டேட்டா பதிலுக்குக் காத்திராமல் வழியில் இருக்க வேண்டும். டேட்டா ஒழுங்காகப் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் டிசிபியின் ஹெடரில் விண்டோ சைஸுக்கு (பதிலுக்குக் காத்திராமல் அனுப்பக்கூடிய அளவுக்கு) 16 பிட்தான், அதிகபட்சம் 65,535 பைட். அந்த வரம்பைப் பெரிதாக்கும் விண்டோ ஸ்கேலிங் இல்லையென்றால் கிடைப்பது சுமார் 1.05 எம்பிபிஎஸ். 'இணைப்பு 10, டவுன்லோடு 1' என்ற புலம்பலுக்குக் காரணம் பல நேரம் கம்பெனியின் ஏமாற்று இல்லை, இந்தக் கணக்குதான்.

டெசிபலை அப்படியே போடுவது

நாய்ஸ் (இரைச்சல்) உள்ள லைனில் அதிகபட்ச வேகத்தைச் சொல்லும் ஷானன் சூத்திரத்தில் வரும் சிக்னல்-நாய்ஸ் விகிதம் வெறும் விகிதம், டெசிபல் அல்ல. 3000 ஹெர்ட்ஸ் லைன், 30 டெசிபல் என்று கொடுத்தால் 30ஐ 10ஆல் வகுத்து, 10இன் அடுக்காக வைத்து 1000 ஆக்க வேண்டும். அதோடு 1 கூட்டி, லாக் 2 அடிமானத்தில் 1001க்கு 9.97, அதை 3000ஆல் பெருக்கினால் விடை சுமார் 29.9 கேபிபிஎஸ். 30ஐ அப்படியே போட்டால் 14.9 வரும், பார்க்க நம்பும்படியாகவே இருக்கும். அதுதான் ஆபத்து. நாய்ஸே இல்லாத லைனுக்கான நைக்விஸ்ட் சூத்திரம் தரும் எண் இதைவிடக் கூடுதலாக வந்தால் (64 லெவலுக்கு 36 கேபிபிஎஸ் வரும்) பெரிய எண்ணை எடுத்து எழுதாதீர்கள். நாய்ஸ் உள்ள லைனில் ஷானன்தான் கூரை. அந்த 64 லெவல் அங்கே செல்லாது.

டிபிஎம் (1 மில்லிவாட்டை அடிப்படையாக வைத்த டெசிபல்) கணக்கிலும் இதே தடுமாற்றம். 20 டிபிஎம் என்பது 100 மில்லிவாட். அப்படி இரண்டு சேர்ந்தால் 200 மில்லிவாட், 23 டிபிஎம். 40 என்று எழுதினால் 10 வாட் ஆகிவிடும்.

மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே கடல் மேல் 5.8 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் லிங்க் போடுவதை ப்ராஜெக்ட்டாக எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாது. 2 கி.மீ. தூரத்துக்கு நடுவில் முதல் ஃப்ரெனல் மண்டலத்தின் (நேர்கோட்டைச் சுற்றி அலை பரவும் பகுதியின்) ஆரம் சுமார் 5 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 3 மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். பாலமும் படகின் கம்பமும் அதற்குள் வரக்கூடாது. தண்ணீர்ப் பரப்பு அலையைப் பிரதிபலித்துத் திருப்பி அனுப்பும் என்பதால் நிலத்தில் சரியாக ஓடிய அதே செட் இங்கே சிக்னல் ஏறி இறங்கிக் காட்டலாம். தூரம் இரட்டித்தால் இழப்பு 6 டெசிபல் கூடும் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

சப்நெட்: எல்லைக் கல் தவறும் இடம்

சப்நெட் என்றால் ஒரு முகவரித் தொகுதியைச் சிறு தொகுதிகளாகப் பிரிப்பது; /24 போன்ற எண் 32 பிட் முகவரியில் எத்தனை பிட் நெட்வொர்க்குக்கு என்று சொல்லும். 192.168.10.0/24 கொடுத்து லேபுக்கு 60, அலுவலகத்துக்கு 25, நூலகத்துக்கு 12, ரவுட்டர் லிங்குக்கு 2 முகவரி பிரிக்கச் சொன்னால் பெரியதில் தொடங்க வேண்டும். லேபுக்கு /26 (0 முதல் 63), அலுவலகத்துக்கு /27 (64 முதல் 95), நூலகத்துக்கு /28 (96 முதல் 111), லிங்குக்கு /30 (112 முதல் 115). சிறியதில் தொடங்கி லிங்குக்கு 0 முதல் 3 கொடுத்தவர், அடுத்து நூலகத்தை 4இல் ஆரம்பிப்பார். /28 தொகுதி 16இன் மடங்கில்தான் தொடங்கும். 4 அதில் ஒரு ஹோஸ்ட் முகவரி. நெட்வொர்க், பிராட்காஸ்ட் என்ற இரண்டு முகவரியைக் கழிக்க மறப்பது எல்லாருக்கும் தெரிந்த தவறு. கேட்வே (வெளியே போகும் வழியான ரவுட்டர்) எடுக்கும் ஒன்றை மறப்பது அவ்வளவாகக் கண்டுகொள்ளப்படாத தவறு: 62 கணினிக்கு /26 போதாது. ஏ, பி, சி கிளாஸ் கணக்கை வரலாறாக மட்டும் படியுங்கள். 1993இலேயே கிளாஸ் இல்லாமல் முகவரி பிரிக்கும் சிஐடிஆர் வந்துவிட்டது.

டேட்டாவில் பிழை இருக்கிறதா என்று வகுத்துப் பார்க்கும் சிஆர்சிக்கு இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. ஜெனரேட்டர் (வகுக்கும் எண்) 4 பிட் என்றால் டேட்டாவின் கடைசியில் 3 சுழியம் சேருங்கள், கழிப்பதற்குப் பதில் எக்ஸ்-ஆர் செய்யுங்கள், மீதியின் முன்னால் வரும் சுழியத்தை வெட்டாதீர்கள். டேட்டா 1001ஐ (சுழியம் சேர்த்து) 1011ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 110 வந்தால் சரி.

லேபில்

கேபிள் கிரிம்ப் செய்யும்போது நிறங்களை ஜோடி ஜோடியாக அடுக்குவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தவறு. டி568பி என்ற தர வரிசை: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. 3ஆம் பின்னும் 6ஆம் பின்னும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பச்சை பிரிந்து உட்கார்ந்திருக்கிறது. ஜோடி ஜோடியாக அடுக்கினால் 3இல் பச்சை-வெள்ளையும் 6இல் நீலமும் வந்துவிடும். முறுக்கு தரும் இரைச்சல் தடுப்பு போய்விடும். இரு முனையும் ஒரே மாதிரி இருப்பதால் சாதாரண டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். கேபிள் நீண்டால், வேகம் கூடினால் பாக்கெட் சிதையும். முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்காதீர்கள். கடற்கரைக் கட்டடமாக இருந்தால் உப்புக்காற்றில் பின்கள் பச்சை பிடித்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஸ்விட்ச் போர்ட்டில் சிஆர்சி எரர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவது அதற்கு ஒரு அடையாளம்.

பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை ரெக்கார்ட் நோட்டில் ஸ்க்ரீன்ஷாட் ஒட்ட மட்டும் திறக்கிறார்கள். ஒரு பிங் பாக்கெட்டை (எதிர்முனை பதில் தருகிறதா என்று சோதிக்க அனுப்புவது) எடுத்துக் கூட்டிப் பாருங்கள்: விண்டோஸ் அனுப்பும் 32 பைட் டேட்டா, அதன் மேல் ஒவ்வொரு லேயரும் சேர்க்கும் ஹெடர்கள், ஐசிஎம்பி 8, ஐபி 20, ஈதர்நெட் 14, மொத்தம் 74. லேயர் என்றால் என்ன என்பது அந்தக் கூட்டலில் இருக்கிறது. வெளி சர்வருக்குப் பிங் செய்தால் டெஸ்டினேஷன் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் முகவரி) யாருடையது என்று பாருங்கள். வைவாவில் 'சர்வருடையது' என்பார்கள். இருப்பதோ உங்கள் கேட்வேயின் மேக். ஐபி முகவரி கடைசி முனையைக் குறிக்கும், மேக் அடுத்த தாவலை மட்டும் குறிக்கும்.

நெட்வொர்க்கைக் கணினியிலேயே அமைத்துப் பழகும் பாக்கெட் ட்ரேசரில் முதல் பிங் டைம் அவுட் ஆனதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்காதீர்கள். ஐபி முகவரிக்குரிய மேக்கைக் கண்டுபிடிக்கும் ஏஆர்பி அதைத் தேடி முடிப்பதற்குள் முதல் பாக்கெட் கைவிடப்பட்டிருக்கும், இரண்டாவது போகும். நாலும் போகவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்: ரவுட்டர் இன்டர்ஃபேஸில் 'நோ ஷட்டவுன்' (போர்ட்டை இயக்கும் கட்டளை) கொடுத்தீர்களா, கணினியில் டீஃபால்ட் கேட்வே இருக்கிறதா, எதிர்முனை ரவுட்டருக்குத் திரும்பி வரும் வழி தெரியுமா. பெரும்பாலும் மூன்றாவதில்தான் மாட்டும். பாக்கெட் போய்ச் சேர்ந்திருக்கும். பதில் வரத்தான் ரூட் இருக்காது.