சொந்த ரிக் வாங்கியதும் புதிய ஸ்கைடைவர்கள் செய்யும் தவறுகள்

பயிற்சிக் காலம் முழுவதும் குதிதளத்தின் வாடகை ரிக்கை, அதாவது பாராசூட்டுகளும் பட்டைகளும் பையும் சேர்ந்த தொகுப்பை, முதுகில் மாட்டிக் குதித்த ஒருவர், சொந்தமாக ஒன்றை வாங்கும்போது பெரும்பாலும் அதன் நிறத்தையும் அளவையும் பற்றியே யோசிக்கிறார். தம்முடைய கைகளைப் பற்றி யோசிப்பதில்லை. அமெரிக்கப் பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ.வின் முதல்நிலை உரிமமான ஏ உரிமத்துக்குக் குறைந்தது 25 குதிப்புகள் தேவை. அந்த 25 குதிப்புகளிலும் கை எங்கே போக வேண்டும், எதைப் பிடிக்க வேண்டும், எவ்வளவு விசையோடு இழுக்க வேண்டும் என்பதை உடம்பு பழைய ரிக்கிலிருந்துதான் கற்றிருக்கிறது. வானத்தில் ஏதேனும் பிசகும் நொடியில் கையை நகர்த்துவது அந்தப் பழக்கமே. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை, புதிய ரிக்கை உடம்பு அறிந்துகொள்வதற்கு முன்பே அதை மாட்டிக்கொண்டு விமானம் ஏறிவிடுவதால் நேர்பவை.

முதல் தவறு வாங்கும் இடத்திலேயே நடந்துவிடுகிறது. இன்றைய திறமைக்கு ஏற்ற பாராசூட்டை விட்டுவிட்டு, அடுத்த ஆண்டு வந்துவிடும் என்று நம்பும் திறமைக்கு ஏற்ற பாராசூட்டைப் பலர் வாங்குகிறார்கள். குதிப்பவரின் எடையோடு அவர் அணிந்திருக்கும் எல்லாவற்றின் எடையையும் பவுண்டில் கூட்டி, பாராசூட்டின் பரப்பளவைச் சதுர அடியில் எடுத்து வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்குச் சிறகுச் சுமை என்று பெயர். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 11 கிலோ ரிக்கோடு வெளியேறினால் மொத்தம் 81 கிலோ, அதாவது ஏறத்தாழ 179 பவுண்டு. 190 சதுர அடிப் பாராசூட்டின் கீழ் அவருடைய சிறகுச் சுமை 0.94, 150 சதுர அடியின் கீழ் 1.19. புதியவர்கள் 1.0-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று பயிற்றுநர்கள் பரவலாகச் சொல்கிறார்கள். எண்ணில் பார்த்தால் வேறுபாடு அற்பமாகத் தெரியும். வேகம் சிறகுச் சுமையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடுவதால், இந்த எடுத்துக்காட்டில் வேகம் எட்டில் ஒரு பங்கு மட்டுமே கூடுகிறது. ஆனால் தவறாகத் தரையிறங்கும்போது கால்களும் இடுப்பும் தாங்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அது கால் பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. எடை குறைந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சிறகுச் சுமை ஒன்றாகவே இருந்தாலும், சிறிய பாராசூட்டின் கயிறுகள் குட்டையானவை என்பதால் அது பெரியதைவிட விரைவாகத் திரும்பும்.

அடுத்தது கைப்பிடிகள். வலப்புறம் கோளாறான முதன்மைப் பாராசூட்டைக் கழற்றிவிடும் கட்அவே, இடப்புறம் மாற்றுப் பாராசூட்டான ரிசர்வைத் திறக்கும் கைப்பிடி என்ற அடிப்படை அமைப்பு இரு கைப்பிடி ரிக்குகளில் பொதுவாக மாறுவதில்லை. ஆனால் சில பயிற்சி ரிக்குகளில் ஒரே கைப்பிடியை இழுத்தால் இரண்டு வேலையும் நடந்துவிடும். அப்படிப்பட்ட ரிக்கில் கற்றவர் இரு கைப்பிடி ரிக்குக்கு மாறுகையில் அவசரநிலை நடைமுறையை அடியிலிருந்து மீண்டும் கற்க வேண்டியிருக்கிறது. முன்பு இரு கைப்பிடிகளிலேயே பழகியவருக்கும் மாற்றம் உண்டு. உலோக வளையம் இருந்த இடத்தில் மெத்தை போன்ற துணிக் கைப்பிடி இருக்கலாம். உடலளவுக்குத் தைத்த ஹார்னஸில், அதாவது உடம்பைப் பிடிக்கும் பட்டைகளின் தொகுப்பில், கைப்பிடிகள் பழைய இடத்திலிருந்து சில விரற்கடை மேலோ கீழோ அமைந்திருக்கலாம். கண்ணால் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது போதாது. ரிக்கை மாட்டி, எல்லாப் பட்டைகளையும் இறுக்கி, தரையில் பயிற்சிக்கென உள்ள தொங்கு ஹார்னஸில் உடல் எடையைத் தொங்கவிட்ட நிலையில் தொட்டுப் பழக வேண்டும். உடல் எடை ஏறியதும் ஹார்னஸ் மேலே நகர்ந்து கைப்பிடிகளின் இடமும் மாறுவதை அப்போதுதான் உணர முடியும். ரிசர்வை மறுமடிப்புக்காக, பாராசூட்டுகளை மடித்துப் பராமரிக்கும் வல்லுநரான ரிக்கரிடம் கொடுக்கும் நாளில் அவருடைய அனுமதியோடும் அவர் முன்னிலையிலும் கைப்பிடியை உண்மையாகவே இழுத்துப் பார்ப்பவர்கள், அதற்கு எவ்வளவு விசை தேவை என்பதைத் தெரிந்துகொள்கிறார்கள். அந்த வாய்ப்பைப் பலரும் ஏன் கைவிடுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதன்மைப் பாராசூட்டை வெளியே இழுக்கும் சிறு பாராசூட்டான பைலட் சூட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பழக்கம் ஒருவரை மிக அமைதியாக ஏமாற்றும் இடம் அதுதான். பயிற்சி ரிக்குகள் பலவற்றில் பைலட் சூட் எப்போதும் விரியும் நிலையிலேயே இருக்கும். சொந்தமாக வாங்கும் ரிக்குகளிலோ, பெரும்பாலும் பாராசூட் விரிந்ததும் பைலட் சூட் தானாகச் சுருங்கிவிடும் அமைப்பு இருக்கிறது. பின்னால் பலூன் போல இழுபட்டு வேகத்தைக் குறைக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. பைலட் சூட்டை முதன்மைப் பாராசூட்டோடு இணைக்கும் பிரைடில் நாடாவின் உள்ளே ஓடும் கில்-லைன் என்ற கயிறுதான் இந்தச் சுருக்கத்தைச் செய்கிறது. ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் அந்தக் கயிற்றை இழுத்து, பைலட் சூட்டை மீண்டும் விரியும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மறந்துவிட்டால், வானத்தில் கையிலிருந்து வீசப்படுவது காற்றைப் பிடிக்காத வெறும் துணி. அது பாராசூட்டுகள் இருக்கும் பையான கன்டெய்னரைத் திறக்காமல் பின்னால் வாலாட்டிக்கொண்டிருக்க, உயரம் கரைந்துகொண்டே போகும். இதைத் தவிர்ப்பதற்காகவே பிரைடிலில் ஒரு சிறு சாளரம் வைத்து, கில்-லைன் சரியான நிலையில் இருந்தால் அதன் வழியே வண்ணக் குறி தெரியும்படி அமைத்திருக்கிறார்கள். கன்டெய்னரை மூடுவதற்குச் சற்று முன்பு ஒருமுறையும் மூடிய பிறகு இன்னொரு முறையும் அந்த வண்ணத்தைப் பார்க்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வர வேண்டும். பைலட் சூட்டைச் செருகும் பையும் புதிதில் இறுக்கமாக இருக்கும் என்பதால், தரையில் ரிக்கை மாட்டிக்கொண்டு பலமுறை உருவிப் பார்ப்பது நல்லது.

மடிப்பதிலும் அதிர்ச்சி காத்திருக்கிறது. காற்றை ஊடுருவ விடாத புதிய துணி வழவழப்பானது. மடித்து வைத்தது மீன் போல நழுவி விரியும். உள்ளிருக்கும் காற்று வெளியேற மறுக்கும். பொறுமையிழந்தவர் கன்டெய்னரை எளிதாக மூடுவதற்காக மூடும் கண்ணியின் கயிற்றை நீளமாக்கிக்கொள்கிறார். இது மிக மோசமான குறுக்குவழி, ஏனெனில் தளர்ந்த கண்ணியில் கன்டெய்னரைப் பூட்டி வைக்கும் ஊசி தளர்ந்தே இருக்கும், கன்டெய்னர் எதிர்பாராத நேரத்தில் திறந்துகொள்ள வழி பிறக்கும். விமானத்தின் வாசலில் அப்படித் திறந்தால் ஆபத்து அவரோடு மட்டும் நிற்காது. குதிக்கும் நாளுக்கு முன்பே, அனுபவமுள்ள ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, தரையில் பத்துப் பதினைந்து முறை மடித்துப் பழகுவதே இதற்கு வழி. கயிறுகளின் வகையையும் கேட்டு அறிய வேண்டும்: பயிற்சிப் பாராசூட்டுகளில் வழக்கமாக இருக்கும் டேக்ரான் கயிறு சற்று நீண்டுகொடுத்து விரிதலின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், மெல்லிய மைக்ரோலைன் அவ்வாறு கொடுக்காது.

தானாக ரிசர்வைத் திறக்கும் ஏ.ஏ.டி. கருவியின் வகையையும் முறைமையையும் பார்க்காமல் பழைய ரிக் வாங்குவது இன்னொரு தவறு. 1991-இல் அறிமுகமான சைப்ரெஸ் கருவியை எடுத்துக்கொண்டால், அனுபவசாலிகளுக்கான முறைமை ஏறத்தாழ 225 மீட்டர் உயரத்தில் இறங்குவேகம் நொடிக்கு 35 மீட்டரைத் தாண்டியிருந்தால் மட்டுமே இயங்கும். மாணவர்களுக்கானது நொடிக்கு 13 மீட்டர் வேகத்திலேயே இயங்கிவிடும். மாணவர் கருவி பொருத்திய ரிக்கில் வேகமான பாராசூட்டை வைத்துத் தாழ்வான உயரத்தில் சுழன்று இறங்கினால், நல்ல பாராசூட் தலைக்குமேல் இருக்கும்போதே ரிசர்வும் வெளியே வந்துவிடக்கூடும். கருவியை வீட்டிலேயே இயக்கிவிட்டு வேறு உயரத்தில் உள்ள குதிதளத்துக்குப் பயணிப்பதும் அதன் தரைக் கணக்கைக் குழப்பும். தரையிறங்கும் இடத்தில் இயக்குவதே முறை.

முதல் குதிப்பை நண்பர்களோடு கூட்டாகக் குதிக்கும் நாளாக வைத்துக்கொள்வது இயல்பான ஆசை, ஆனால் தவறான ஆசை. காற்று மிதமாக இருக்கும் நாளில் தனியாக வெளியேறி உயரத்திலேயே, வசதிப்பட்டால் 5,000 அடிக்கும் மேலே, பாராசூட்டைத் திறக்க வேண்டும். அப்படித் திறக்கப்போவதை விமானியிடமும் உடன் குதிப்பவர்களிடமும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஏ உரிமம் உள்ளவர்கள் ரிசர்வுக்குப் போவதா என்பதை 2,500 அடிக்குள் முடிவுசெய்ய வேண்டும் என்று யு.எஸ்.பி.ஏ. பரிந்துரைக்கிறது, எனவே சோதனைகள் அந்த உயரத்துக்கு மேலேயே முடிந்துவிட வேண்டும். திருப்பவும் வேகத்தைக் குறைக்கவும் கையால் இழுக்கும் பிடிகளான டாகிள்களை முழுதும் மேலே விட்ட நிலையில் அவற்றின் கயிறுகள் சற்றுத் தளர்ந்து வளைந்திருக்கின்றனவா, அல்லது பாராசூட்டின் வாலை இழுத்துப் பிடித்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இழுத்துப் பிடித்திருந்தால் அவற்றின் நீளத்தை ரிக்கர் திருத்த வேண்டும். பிறகு இருபுறமும் திருப்பங்கள், ஹார்னஸைப் பாராசூட்டின் கயிறுகளோடு இணைக்கும் நாடாக்களான ரைசர்களில் பின்னவற்றால் திருப்புதல், மெதுவாகப் பறத்தல், டாகிள்களை எவ்வளவு இழுத்தால் பாராசூட் தொய்கிறது என்று கண்டறிதல், தரையிறங்கும்போது டாகிள்களை இழுத்து வேகத்தைக் குறைக்கும் ஃபிளேரின் ஒத்திகைகள் என்று வரிசையாகச் செய்யலாம். பயிற்சிப் பாராசூட்டில் நீளமாக இழுக்கப் பழகிய கை, கூர்மையாக எதிர்வினையாற்றும் புதியதில் சற்று மேலேயே ஃபிளேரைத் தொடங்கினால், அது தரையை விட்டு உயரே எழும்பும். அந்நேரம் பதறி டாகிள்களை மேலே விட்டால் பாராசூட் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கும். இருக்கும் இடத்திலேயே பிடித்திருந்து, இறங்கும்போது மீதியை இழுத்து, விழுந்து உருளத் தயாராவதே சரி.

ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முழுமுக ஹெல்மெட், கையின் உயரமானி, புதிய உடை, பாராசூட் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், கோளாறு வரும்போது எதிலிருந்து வந்தது என்று தெரியாது. கேமராவுக்கு யு.எஸ்.பி.ஏ. 200 குதிப்புகளைப் பரிந்துரைக்கிறது. அதுவரை அந்தச் சபலத்தை ஒதுக்கி வைக்கலாம்.

சொந்த ரிக் என்றால் பராமரிப்பும் சொந்தம். வாடகை நாட்களில் கண்ணுக்குப் படாமல் நடந்த வேலை அது. கட்அவேயின் கேபிள்களில் அழுக்குச் சேர்ந்தால் இழுக்கும் விசை கூடும் என்பதால் அவற்றைத் தயாரிப்பாளர் சொல்லும் முறையில் அவ்வப்போது துடைக்க வேண்டும். முதன்மைப் பாராசூட்டை ஹார்னஸோடு பிணைக்கும் மூன்று வளைய இணைப்பைக் கழற்றி ரைசர் நாடாக்களை வளைத்துத் தளர்த்த வேண்டும். அமெரிக்காவில் ரிசர்வை 180 நாட்களுக்கு ஒருமுறை ரிக்கர் மறுமடிப்புச் செய்ய வேண்டும். பிற நாடுகளின் விதி வேறுபடும். அப்படி ரிக் ரிக்கரிடம் இருக்கும் நாளில், விட்டுப்போன பழைய வாடகை ரிக்கை மாட்டிக்கொண்டு குதிக்கத் தோன்றும். ஆனால் கைகள் இப்போது புதியதற்குப் பழகிவிட்டன. பழைய ரிக் அவற்றுக்கு அந்நியமாகிவிட்டது. எனவே அன்றும் தொங்கு ஹார்னஸிலிருந்துதான் தொடங்க வேண்டும்.