ஒரே மாதிரி இருந்தால் உறவா? நீங்களே சோதித்துப் பார்க்கும் வழி

தமிழில் எட்டு, ஆங்கிலத்தில் எய்ட். இதை வைத்தே தமிழிலிருந்துதான் ஆங்கிலம் வந்தது என்று தமிழ்ப் பாசத்தில் பகிர்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் தமிழின் உண்மையான சொந்தங்கள் இதைவிட அழகானவை, அவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பும் வேண்டாம்.

படி 1: முதலில் ஒரு முள்

மொழிக்கு முன்னால் செடியில் பழகுங்கள். ரோஜா முள்ளைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினால் பட்டென்று கழன்று வரும், சின்னத் தழும்பு மட்டும் மிஞ்சும். அது தண்டின் மேல்பரப்பிலிருந்து வளர்ந்தது, தண்டில் இங்கேதான் என்று அதற்கு ஓர் இடம் கிடையாது. இப்போது எலுமிச்சைக்கு வாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில், அதாவது கிளை விட வேண்டிய இடத்தில் முள் நிற்கும். முள்ளாக மாறிய கிளைதான் அது, லேசில் பிடுங்க வராது. காகிதப்பூச் செடியிலும் அதே இடுக்கைப் பாருங்கள், முள் இருக்கும். சப்பாத்திக்கள்ளியிலோ பச்சையாகத் தட்டையாக இருப்பது தண்டு, முள்தான் இலை.

வேலை ஒன்று, பிறப்பு வேறு. பள்ளிப் புத்தகம் இதைச் செயல் ஒத்த உறுப்பு என்கிறது. வௌவால் இறக்கையும் நம் கையும் இதற்கு நேர்மாறு: வேலை வேறு, ஆனால் இரண்டிலும் மேற்கையில் ஓர் எலும்பு, முன்கையில் இரண்டு, அப்புறம் விரல்கள். அவை அமைப்பு ஒத்தவை. இந்த இரண்டையும் 1843இல் தெளிவாகப் பிரித்து வரையறுத்தவர் ஆங்கிலேய உயிரியலாளர் ரிச்சர்ட் ஓவன்.

படி 2: நோட்டில் இரண்டு பத்தி

சொல்லிலும் இப்படித்தான், சாயலை விட்டு அமைப்பைப் பாருங்கள். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் கன்னடம்.

பால் – ஹாலு
பல் – ஹல்லு
பத்து – ஹத்து
புலி – ஹுலி
பூ – ஹூவு

முதல் எழுத்து எல்லாவற்றிலும் வேறு, ஆனால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வேறு! பழங்கன்னடத்தில் இவை பகரத்தோடுதான் இருந்தன, பிறகு வரிசையாக ஹகரத்துக்குப் போயின. சரி, பாம்புக்குக் கன்னடத்தில் என்ன? ஹகரத்தில் தொடங்கும் என்று ஊகித்திருந்தால் சரி, ஹாவு. தெரியாத சொல்லைப் பற்றி இப்படி முன்கூட்டியே சொல்ல முடிகிறதே, அதுதான் உறவுக்குச் சாட்சி. வெறும் சாயல் இவ்வளவு தூரம் வராது.

செவி – கிவி, சேரி – கேரி என்றும் எழுதிக்கொள்ளுங்கள். இதில் மாறியது தமிழ். பழைய ககரத்தைக் கன்னடம் காப்பாற்றி வைத்திருக்கிறது.

சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816இல் தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் இவை ஒரே குடும்பம் என்று காட்டினார்.

படி 3: கடனைக் கழியுங்கள்

தமிழில் சாவி, இந்தியில் சாபி. இரண்டுமே போர்த்துக்கீசியரிடம் வாங்கியவை. அதனால் கடைச்சாமான் பெயர்களை விட்டுவிட்டு உடல் உறுப்பு, எண், தண்ணீர் போன்ற சொற்களிலிருந்து தொடங்குங்கள், அவை கடன் போவது குறைவு.

படி 4: பின்னால் நடங்கள்

இப்போது எட்டு. எண்பது, எண்ணூறு என்று சொல்கிறோமே, அதில் இருக்கும் ‘எண்’ என்ற பகுதிதான் வேர். கன்னடத்தில் எண்ட்டு, தெலுங்கில் எனிமிதி என்று மூக்கொலி அப்படியே இருக்கிறது. எய்ட்டைப் பின்தொடர்ந்தால் அதன் சொந்தங்களாக லத்தீனின் ஆக்டோ வருகிறது, சமஸ்கிருதத்தின் அஷ்ட வருகிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் சத்தமில்லாமல் கிடக்கும் ஜி-எச், ஆக்டோவின் நடுவில் இருக்கும் அதே பழைய க் ஒலி தேய்ந்து மிஞ்சியது. ஒரு பக்கம் ண், இன்னொரு பக்கம் க். உறவாக இருந்தால் பின்னால் போகப் போக நெருங்க வேண்டும், இவை விலகுகின்றன.

பயிற்சிக்கு ஒன்று: சீன மொழியிலும் நீ என்றால் நீதான். அதை நோட்டில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். நான் என்பதற்கு அங்கே வோ, அவன் என்பதற்கு தா.