சிவில் பாடங்களைக் கட்டுமானத் தளத்தோடு சேர்த்துப் படிக்கும் முறை

சென்னையில் சிவில் இன்ஜினீயரிங் சேர்ந்திருக்கும் மாணவருக்கு மற்றத் துறை மாணவர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு. அவர் படிக்கும் பாடம் மெட்ரோ தூணாகவும், மழைநீர் வடிகாலாகவும், பக்கத்துத் தெருவில் எழும்பும் மூன்று மாடி வீடாகவும் கண் எதிரே நிற்கிறது. அப்படியிருந்தும், விடுமுறைப் பயிற்சிக்கு எங்கள் கட்டுமானத் தளத்துக்கு வருகிறவர்களில் பலர் பீம் கணக்கைப் பிழையின்றிப் போடுகிறார்கள், ஆனால் அதே பீமில் முக்கியக் கம்பி எந்தப் பக்கம் வரும் என்று கேட்டால் தயங்குகிறார்கள். இது அவர்களுடைய திறமைக் குறைவு அன்று. பாடத்தையும் பொருளையும் தனித்தனியே படித்ததன் விளைவு. ஆகவே ஒவ்வொரு பாடத்தையும் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளோடு சேர்த்துப் படிப்பதே நான் பரிந்துரைக்கும் முறை.

முதலாண்டுக் கணிதத்தையும் இயற்பியலையும் அரியர் இல்லாமல் முடித்தால் போதும். ஆனால் இன்ஜினீயரிங் மெக்கானிக்ஸில் ஒரு பொருளைத் தனியே பிரித்து, அதன்மேல் செயல்படும் விசைகளை மட்டும் வரைந்து காட்டும் பழக்கத்தை உறுதியாகப் பெற்றுவிட வேண்டும். அதற்குப் பின் வரும் எல்லாக் கட்டமைப்புப் பாடங்களும் அந்தப் படத்தின் மேல்தான் நிற்கின்றன.

இரண்டாம் ஆண்டின் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், அதாவது பொருள்களின் வலிமை பற்றிய பாடம்தான் இப்படிப்பின் அச்சாணி. பீமை வளைக்கும் விளைவு எந்த இடத்தில் எவ்வளவு என்று காட்டும் பெண்டிங் மொமென்ட் படத்தைச் சூத்திரத்தின் துணையால் வரைவதற்கு முன், அந்தப் பீம் எடை தாங்கும்போது எப்படி வளையும் என்பதை மிகைப்படுத்திக் கையால் வரைந்துகொள்ளுங்கள். வளைவில் எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் இழுவிசை. காங்கிரீட்டின் இழுவலிமை அதன் அழுத்த வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் என்பதால், அந்தப் பக்கத்தில்தான் கம்பி வர வேண்டும். இரண்டு முனையிலும் தாங்கப்பட்ட பீமுக்குக் கீழே, பல தூண்களின் மேல் தொடர்ந்து செல்லும் பீமுக்குத் தூண்களின் அருகில் மேலே, சுவரிலிருந்து வெளியே நீளும் சன்ஷேடுக்கு முழுவதும் மேலே. அஸ்திவாரத்தில் கம்பி வலை ஏன் அடியில் கிடக்கிறது என்ற கேள்விக்கு, மண் மேல்நோக்கித் தள்ளுவதை வரைந்து நீங்களே விடை கண்டுபிடியுங்கள்.

இதை நான் வகுப்பில் கற்கவில்லை. இரண்டாம் ஆண்டு விடுமுறையில் போரூர்ப் பக்கம் ஒரு வீட்டு வேலையில் நின்றிருந்தபோது, கம்பி கட்டியவர் சன்ஷேடின் முக்கியக் கம்பிகளைச் சரியாக மேலேதான் கட்டியிருந்தார். ஆனால் கலவைச் சட்டியோடு போய்வந்தவர்களின் கால் மிதிபட்டு அவை பலகையோடு பலகையாகப் படிந்துவிட்டன. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், தவறு என்று தோன்றவே இல்லை. வயதான மேஸ்திரி ஒருவர் வேலையை நிறுத்தி, கம்பிகளைத் தூக்கிவிட்டு, அடியில் அவற்றைத் தாங்கி நிற்கும் ‘சேர்’ (நாற்காலி) கம்பி வைத்துக் கட்டச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, வெளியே நீட்டிக்கிட்டு நிக்கிற சிலாப்புக்கு உயிரு மேல் கம்பியிலதான் இருக்கு. அது கீழ போயிட்டா, முட்டு பிரிச்ச அன்னிக்கே மொத்தமும் கீழ வந்துரும்.” ஒரு முனையில் மட்டும் தாங்கப்பட்டு வெளியே நீளும் கேன்டிலீவருக்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை இன்றுவரை நான் கேட்டதில்லை.

காங்கிரீட் ஆய்வகத்தில் ரெக்கார்டு எழுதி முடிப்பதிலேயே கவனம் வைக்காதீர்கள். 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் ஒரு முகத்தின் பரப்பு 22,500 சதுர மில்லிமீட்டர். எம் 25 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வலிமை; அந்தக் காங்கிரீட்டில் செய்த கனசதுரம் 28 நாள் கழித்து ஏறத்தாழ 562 கிலோநியூட்டன், அதாவது சுமார் 57 டன் எடையைத் தாங்க வேண்டும். அது உடையும் தருணத்தில் அருகில் நின்று பாருங்கள்: சரியாக உடைந்தால் நான்கு பக்கங்களும் உதிர்ந்து, மேலும் கீழும் இரண்டு கூம்புகள் முனையோடு முனை சேர்ந்து நிற்பதுபோல் நடுவில் இடுப்பு சிறுத்திருக்கும். ஒரே பக்கம் மட்டும் பெயர்ந்திருந்தால், முகம் சமமாக இல்லையா, கனசதுரம் மையத்தில் வைக்கப்படவில்லையா என்று யோசியுங்கள்.

தண்ணீர்க் கணக்கையும் அங்கேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.45 என்றால், 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 22.5 லிட்டர். கலவை இறுக்கமாக இருக்கிறது என்று யாரேனும் பத்து லிட்டர் வாளி ஒன்றைக் கூடுதலாக ஊற்றினால் விகிதம் 0.65 ஆகிவிடும், கலவை எளிதாக ஓடும், வலிமை பெரிதும் குறையும்.

காங்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதிநூலைத் தேர்வு அரங்கில் மட்டும் புரட்டும் வழக்கம் நல்லதன்று. ஒரு மாலையில் பெசன்ட் நகரிலோ பட்டினப்பாக்கத்திலோ கடலையொட்டிய பழைய அடுக்குமாடிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தால், பால்கனியின் அடியில் காங்கிரீட் பெயர்ந்து துருக்கம்பி தெரிவதைப் பல இடங்களில் காணலாம். உப்புக் காற்று கம்பியை எட்டித் துருவாக்குகிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடித்து, மூடியிருக்கும் காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. வீடு திரும்பியதும் விதிநூலை விரித்துப் பாருங்கள்: கடலோரச் சூழலுக்கு வெளிப்பட்டிருக்கும் காங்கிரீட்டை அது கடுமையான சூழல் என வகைப்படுத்தி, குறைந்தது எம் 30, தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.45-க்கு மேற்படாமல், கம்பியை மூடும் காங்கிரீட்டின் தடிமன் (கவர்) 45 மில்லிமீட்டர் என்று கேட்கிறது. அந்தப் பால்கனியைப் பார்த்தவருக்கு இந்த எண்கள் மறப்பதில்லை.

சர்வே இந்த ஊருக்கு உரிய பாடம். கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794-ல் நில அளவைப் பள்ளியாகத்தான் தொடங்கியது. 1802-ல் ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்ப்டன், நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த இந்திய முக்கோண அளவைக்கு ஆதாரமான முதல் நேர்கோட்டை அளந்ததும் பரங்கிமலைக்கு அருகில்தான். நிலத்தின் உயர வேறுபாடுகளை அளக்கும் லெவலிங் வேலையை முடித்துக் களத்தை விட்டுக் கிளம்புமுன், பின்னோக்கு அளவுகளின் (கருவியின் ஒவ்வொரு நிலையிலும் முதலில் எடுப்பவை) கூட்டுத்தொகையிலிருந்து முன்னோக்கு அளவுகளின் (கடைசியில் எடுப்பவை) கூட்டுத்தொகையைக் கழித்தால், கடைசி மட்டத்துக்கும் முதல் மட்டத்துக்கும் உள்ள வேறுபாடு வருகிறதா என்று சரிபாருங்கள். ஆனால் இது உங்கள் கூட்டல் கழித்தலை மட்டுமே சோதிக்கும். ஸ்டாஃபை (அளவுக்கோலை)த் தவறாகப் படித்திருந்தால் காட்டிக்கொடுக்காது. அதற்குத் தொடங்கிய பெஞ்ச் மார்க்குக்கே (உயரம் தெரிந்த குறிக்கே) திரும்பி வந்து முடிக்க வேண்டும். சென்னை தட்டையான ஊர். ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில் நூறு மீட்டர் வடிகாலுக்குக் கிடைக்கும் இறக்கமே பத்து சென்டிமீட்டர்தான். மட்டத்தில் அவ்வளவு பிழை நேர்ந்தால் தண்ணீர் போக வழியின்றித் தெருவிலேயே நின்றுவிடும்.

தளத்தின் அளவுமொழியையும் கற்றுக்கொள்ளுங்கள். வகுப்பில் கன மீட்டர். தளத்தில் ஜல்லியும் எம் சாண்டும் யூனிட் கணக்கில் வரும், ஒரு யூனிட் நூறு கன அடி. மனை கிரவுண்டில் பேசப்படும், ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் வர்க்கப்படுத்தி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 0.89. லாரியில் வந்து இறங்கும் கம்பிக் கட்டுகளை எண்ணி இக்கணக்கைப் போட்டுப் பார்க்கும் மாணவரை மேஸ்திரிகள் உடனே கவனிப்பார்கள். கேட்டதற்கெல்லாம் பதிலும் சொல்வார்கள்.

வரைபட, வடிவமைப்பு மென்பொருள்களை மூன்றாம் ஆண்டில் தொடங்கினால் போதும். கையால் ஒரு சிலாப்பை வடிவமைக்கத் தெரிந்தபின் கணினி தரும் விடையில் எது தவறு என்பது தானாகப் புலப்படும். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வும், டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் பொறியாளர் பணிகளுக்கான தேர்வும் இதே அடிப்படைப் பாடங்களைத்தான் கேட்கின்றன. பயிற்சிக்குத் தளம் தேடும்போது, பெரிய நிறுவனத்தின் சான்றிதழைவிட, அஸ்திவாரம் தோண்டுவதிலிருந்து முதல் தளம் காங்கிரீட் போடும்வரை தொடர்ந்து நிற்க அனுமதிக்கும் சிறிய வேலையைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாளே ஒரு கெட்டி அட்டை நோட்டும் ஐந்து மீட்டர் டேப்பும் கொண்டுசெல்லுங்கள். காங்கிரீட் போடுவதற்கு முந்தைய மாலையில், கம்பிகள் மூடப்படுமுன், ஒரு பீமையாவது நீங்களே அளந்து படம் வரைந்துகொள்ளுங்கள்.