தைராய்டும் மெனோபாஸும் சேர்ந்து வரும்போது ஏறும் எடை: எதை முதலில் சரிசெய்வது

மாதவிலக்கு நிற்கப்போகும் வயதில் எடை ஏறினால் பழி முழுக்க தைராய்டின் மேல்தான் விழுகிறது. ஏற்கெனவே தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலரும் டோஸைக் கூட்டினால் எடை இறங்கிவிடும் என்றே எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது நடப்பதில்லை. ஏறிய எடையில் தைராய்டுக்கு ஒரு பங்கு, வயதுக்கு ஒரு பங்கு, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்ததற்கு ஒரு பங்கு உண்டு. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு உதவாது. அதனால் முதலில் பிரித்துப் பாருங்கள்.

சிகிச்சை எடுக்காத ஹைப்போதைராய்டு, அதாவது சுரப்பு குறைந்த நிலை, பொதுவாக 2 முதல் 5 கிலோ வரை எடையைக் கூட்டும். அதிலும் பெரும்பகுதி கொழுப்பு அல்ல, உடலில் தங்கும் உப்பும் நீரும்தான். ஆகவே 12 கிலோ ஏறியிருக்கிறது என்றால் அத்தனையும் தைராய்டால் வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நடுவயதில் பெண்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக அரை கிலோவுக்குச் சற்று மேல் கூடுகிறது. தசை சுருங்குவதும் நடமாட்டம் குறைவதும் அதற்கு முக்கியக் காரணங்கள். மெனோபாஸ் செய்யும் வேலை வேறு. இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பை அது வயிற்றுப் பக்கம் திருப்பிவிடுகிறது. எடை மெஷின் அதே எண்ணைக் காட்டும்போதே உடுப்பு வயிற்றில் இறுகுவது இதனால்தான். வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் இந்தக் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழி திறப்பது.

மாத்திரை உடலில் சேர்கிறதா?

உணவில் கைவைக்கும் முன் இதை முடித்துவிடுங்கள். டோஸ் சரியாக இருந்தும் மாத்திரை உறிஞ்சப்படாமல் போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு சாப்பிட வேண்டும். காபி உறிஞ்சுதலைக் குறைக்கும் என்பதால் அதற்கும் இதே இடைவெளி வேண்டும். காலையில் இது முடியாதவர்கள் இரவு உணவுக்குப் பின் குறைந்தது 3 மணி நேரம் விட்டுப் படுக்கும் முன் எடுக்கலாம். எந்த நேரமானாலும் அதை மாற்றாமல் கடைப்பிடியுங்கள்.

இந்த வயதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் பலருக்கு ரத்தப்போக்கு அதிகமாகும்; தைராய்டு குறைவும் அதைக் கூட்டும். ரத்தசோகை வரும், இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தருவார்கள். எலும்புக்குக் கால்சியம் தொடங்குவார்கள். இரண்டும் குடலில் தைராக்சினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காலையில் எல்லா மாத்திரைகளையும் ஒன்றாக விழுங்கினால் தைராக்சினின் ஒரு பகுதி வீணாகும்; தைராய்டைத் தூண்ட மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோனான டி.எஸ்.எச். ஏறும், அது ஏறினால் தைராக்சின் போதவில்லை என்று பொருள். இரும்பு, கால்சியம், இவை கலந்த மல்டிவைட்டமின், அமிலத்துக்கான ஆன்டாசிட் ஆகிய எல்லாவற்றுக்கும் 4 மணி நேர இடைவெளி கொடுங்கள். மதிய உணவோடு கால்சியம், மாலையில் இரும்பு என்று பிரித்துவைப்பது எளிது. ஓமிப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்தை மாதக்கணக்கில் எடுப்பவர்களுக்கு இடைவெளி மட்டும் போதாது; தைராக்சின் டோஸையே மாற்ற வேண்டிவரலாம்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் டோஸ் ஏறிக்கொண்டே போகிறதென்றால் குடலையும் இரைப்பையையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஹஷிமோட்டோ வகைத் தைராய்டு அழற்சி உள்ளவர்களுக்குச் கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயும், உடலின் நோயெதிர்ப்பே இரைப்பைச் சுவரைத் தாக்கும் தன்னெதிர்ப்பு அழற்சியும் மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன. முழு டோஸ் தேவைப்படுகிறவர்களுக்குப் பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது கணக்கு. அதைவிட மிக அதிகமாகத் தேவைப்பட்டால் மாத்திரை எங்கோ வீணாகிறது என்று பொருள்.

டி.எஸ்.எச். எண்ணைப் படிப்பது

தைராக்சினின் அரை ஆயுள், அதாவது உடலில் அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 7 நாள். டோஸ் மாற்றிய பின் ரத்தத்தில் அளவு நிலைபெறச் சில வாரங்கள் பிடிக்கும். எனவே மாற்றி 6 முதல் 8 வாரம் ஆகும் முன்பே எடுக்கும் பரிசோதனை குழப்பத்தைத்தான் தரும். ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையைப் பின்னர் சாப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கொடுங்கள். முடி உதிர்வுக்காக பயோட்டின் சாப்பிடுகிறீர்களா? குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள். பல ஆய்வகக் கருவிகளில் அது எண்களைத் திரித்து, தைராய்டு அதிகமாகச் சுரப்பது போலப் பொய்யாகக் காட்டும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் எடை மேலும் ஏறும்.

வழக்கமான வரம்பு ஏறக்குறைய 0.4 முதல் 4.0 வரை, ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும், வயது கூடக்கூட மேல் எல்லையும் சற்று உயரும். எண் இந்த வரம்புக்குள் இருந்தால், மீதி எடைக்குக் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. வரம்புக்குள் இருக்கும் டி.எஸ்.எச்.ஸை மேலும் இறக்கி எடை குறைக்கப் பார்ப்பதுதான் மிகவும் அஞ்ச வேண்டிய தவறு. டி.எஸ்.எச். 0.1-க்குக் கீழே அழுத்தப்பட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பு கூடுகிறது, எலும்பு கரைகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்து ஏற்கெனவே எலும்பு இழந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு இது இரட்டை அடி. அதோடு, இழக்கும் எடையில் தசையும் போகிறது.

படபடப்பு, திடீரென உடல் கொதித்து வியர்ப்பது, தூக்கமின்மை இவையெல்லாம் மெனோபாஸிலும் வரும், தைராக்சின் அதிகமானாலும் வரும். களைப்பு, மறதி, முடி உதிர்வு மெனோபாஸிலும் வரும், தைராக்சின் போதாவிட்டாலும் வரும். அறிகுறியை மட்டும் வைத்து டோஸை நீங்களே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் இவற்றைப் பிரித்துக் காட்டும்.

ஹார்மோன் சிகிச்சை தொடங்கினால்

மெனோபாஸ் அறிகுறிகளுக்கான ஹார்மோன் சிகிச்சை எடையைக் கூட்டும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. அதை எடை குறைக்கும் மருந்தாகக் கொள்வதும் சரியல்ல. தைராய்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஈஸ்ட்ரோஜனை எந்த வடிவில் எடுக்கிறோம் என்பதை. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில் தைராய்டு ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கூட்டும். செயல்படக்கூடிய தைராக்சின் குறைந்து, பழைய டோஸ் போதாமல் போகலாம். தொடங்கிய 6 முதல் 12 வாரத்துக்குள் டி.எஸ்.எச். பார்த்துவிடுங்கள், மாத்திரையை நிறுத்தும்போதும் அப்படியே. தோலில் ஒட்டும் பேட்ச், தடவும் ஜெல் ஆகியவற்றில் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை.

அளவெடுப்பது

வாரம் ஒருமுறை, காலையில் கழிவறை போய்வந்த பின், சாப்பிடும் முன் எடை பாருங்கள். ஒரு வாரத்து எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 4 வாரப் போக்கு முக்கியம். மாதவிலக்கு முன்பின்னாக வரும் காலத்தில் நீர் தேங்கி ஓரிரு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம்.

எடையைவிட வயிற்றுச் சுற்றளவு அதிகம் சொல்லும். கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பை வைத்து, இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில் அளவெடுங்கள். உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும்: 156 செ.மீ. உயரமானவருக்கு 78-க்குக் கீழே. மாதம் ஒருமுறை எடுத்தால் போதும்.

தசையில்தான் வேலை இருக்கிறது

நடை நல்லது. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடந்தால் இதயத்துக்கும் வயிற்றுக் கொழுப்புக்கும் பலன் உண்டு. ஆனால் நடந்துகொண்டே மட்டும் இருப்பவர்களுக்குத் தசை இழப்பு நிற்பதில்லை. வாரம் 2 அல்லது 3 நாள், நடுவே ஒரு நாளாவது விட்டு, எடை தூக்கும் பயிற்சி வேண்டும்.

தொடங்க நான்கு அசைவுகள் போதும். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது. சுவரில், பிறகு மேசை விளிம்பில் கை ஊன்றி உடலைத் தள்ளுவது. ரப்பர் பட்டையை மார்பு நோக்கி இழுப்பது. முதுகு நேராக இருக்க, இடுப்பில் மடிந்து தரையிலிருந்து ஒரு பளுவைத் தூக்குவது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, அப்படி 2 அல்லது 3 சுற்று. கடைசி இரண்டு தடவை கடினமாக இருக்க வேண்டும். 12 தடவை எளிதாகிவிட்டால் பளுவைக் கூட்டுங்கள். பலர் மாதக்கணக்கில் அதே ஒரு கிலோ டம்பெல்லைத் தூக்கிவிட்டுப் பலனில்லை என்று நிறுத்துகிறார்கள். பளு கூடாமல் தசை வளராது.

தைராய்டு குறைவு சரியாகாத நிலையில் தசைகளே வலிக்கும், இறுகும், சீக்கிரம் சோரும். டி.எஸ்.எச். மிக உயர்ந்திருந்தால் அது இறங்கும்வரை நடையோடும் லேசான அசைவுகளோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். கொழுப்புக்கு ஸ்டாட்டின் எடுக்கிறவர்களுக்குத் தசை வலி புதிதாக வந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். தைராய்டு குறைவாக இருக்கும்போது அந்த மருந்தின் தசைப் பாதிப்பு அதிகம்.

உணவு

உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். 65 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 65 முதல் 78 கிராம். அதை ஒரே வேளையில் அடைக்காமல் மூன்று வேளைக்கும் 22 முதல் 26 கிராமாகப் பகிருங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 250 மி.லி. பாலில் 8, சமைத்த 100 கிராம் கோழி நெஞ்சுக்கறியில் 30, ஒரு கப் வெந்த பருப்பில் 16 முதல் 18. காலை வேளைதான் பெரும்பாலும் மாவுச்சத்தோடு முடிந்துவிடுகிறது. திருத்தத்தை அங்கே தொடங்குங்கள். தட்டில் பாதி காய்கறி, கால்பங்கு புரதம், கால்பங்கு தானியம் என்று வைத்தால் கலோரியை எண்ணாமலே குறையும்.

குறைக்க வேண்டியது நாளுக்கு 300 முதல் 500 கலோரி மட்டுமே. பட்டினி கிடந்தால் உடல் டி3 (T3) என்ற தைராய்டு ஹார்மோனின் அளவைத் தானே தாழ்த்திச் செலவைச் சுருக்கிக்கொள்ளும், தசையும் கரையும். மாதம் ஒன்றிரண்டு கிலோ இறங்குவது நல்ல வேகம். இருக்கும் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் திருந்தத் தொடங்கும்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவரை ஒதுக்க வேண்டியதில்லை. சமைத்து வழக்கமான அளவில் உண்ணலாம். சோயாவைத் தடை செய்ய வேண்டாம், மாத்திரை நேரத்திலிருந்து தள்ளி வைத்தால் போதும். கடற்பாசி மாத்திரைகளையும் ‘தைராய்டைத் தூண்டும்’ என்று விற்கப்படும் கலவைகளையும் தொடாதீர்கள். மிகையான அயோடின் ஹஷிமோட்டோவை மோசமாக்கும். அந்தக் கலவைகள் சிலவற்றில் தைராய்டு ஹார்மோனே கலந்திருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது.

தூக்கத்தைக் கடைசியாகச் சொன்னாலும் அதை இலேசாக எடுக்காதீர்கள். இரவில் வியர்த்து விழித்தால் மறுநாள் பசி கூடும், பயிற்சிக்கு உடல் இடம்கொடாது. உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று சோதிக்க வேண்டும். மெனோபாஸுக்குப் பின் இது பெண்களுக்கு அதிகமாகிறது, தைராய்டு குறைவும் அதைக் கூட்டுகிறது.

ஹைப்பர்தைராய்டுக்குச் சிகிச்சை முடிந்தவர்கள்

ஹைப்பர்தைராய்டு என்பது சுரப்பு மிகுந்த நிலை. சிகிச்சைக்குப் பின் இவர்களுக்கு எடை வேகமாகத் திரும்பும். நோய் தின்ற தசையும் கொழுப்பும் மீள்வது ஒரு பக்கம். நோய்க்காலத்தில் பழகிய பெரும்பசி, செலவு குறைந்த பிறகும் தொடர்வது மறுபக்கம். சிகிச்சை தொடங்கிய வாரமே உணவளவைத் திருத்தினால் பின்னால் போராட வேண்டாம். கதிரியக்க அயோடின் எடுத்தவர்களுக்குச் சில மாதங்களில் சுரப்பு குறைந்துபோவது பெரும்பாலும் நடப்பதே, அடுத்தடுத்த டி.எஸ்.எச். பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது.

மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியவை

சில நாட்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் ஏறிக் கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அது கொழுப்பு அல்ல, உடனே காட்டுங்கள். மார்பு வலி, ஓயாத படபடப்பு, கழுத்தில் புதிய வீக்கம், 12 மாதம் மாதவிலக்கு நின்றபின் மீண்டும் ரத்தப்போக்கு ஆகியவையும் அப்படித்தான். எடுக்கும் மற்ற மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், மிர்ட்டஸாபின் போன்ற சில மன அழுத்த மருந்துகள், உடல் கொதிப்புக்குச் சிலருக்குத் தரப்படும் கபாபென்டின் ஆகியவை எடையைக் கூட்டக்கூடியவை. மாற்று இருக்கிறதா என்று கேட்கலாம். தானாக நிறுத்தக் கூடாது.

எடை குறைக்கும் மருந்து பேச்சுக்கு வந்தால் தைராய்டு விவரத்தை முதலில் சொல்லுங்கள். உங்களுக்கோ நெருங்கிய ரத்த உறவிலோ மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் வந்திருந்தால் செமாக்ளூடைட் வகை மருந்து கூடாது. ஆர்லிஸ்டாட் தைராக்சினை உறிஞ்சவிடாது, 4 மணி நேர இடைவெளி வேண்டும். வாய்வழி செமாக்ளூடைட் அதற்கு மாறாக ரத்தத்தில் தைராக்சினைக் கூட்டும். எந்த வழியில் குறைத்தாலும் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு இறங்கியதும் டி.எஸ்.எச். மறுபடி பாருங்கள், பழைய எடைக்குப் போட்ட டோஸ் இப்போது அதிகமாக இருக்கலாம்.